கோமதி அக்கா வைத்த முறை

செவ்வாய்க்கிழமை காலை கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தேன். மதியத்திலிருந்து கோமதி அக்காவோடு இருக்க வேண்டிய முறை என்னுடையது. அதற்குள் மாலதியின் போன் வந்தது. காலை முறைக்காரி அவள். "அக்கா போயிட்டாங்க. தலை வாரிக்கிட்டு இருந்தேன். 'மெதுவா, ஏட்டி'ன்னு சொன்னாங்க. அப்படியே என் கையில சாஞ்சுட்டாங்க" என்று சொல்லி அழுதாள். நானும் அழுதேன். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டோம். மீனாவுக்கு யார் சொல்வது? அக்காவின் மருமகள் மீனா அன்று பூரியில் இருந்தாள், கணவனோடும் பிள்ளைகளோடும், கடல் பார்க்க. அவளைப் பிடிவாதமாக அனுப்பி வைத்தவர்கள் நாங்கள்தான்.

இந்தப் பெங்காலி ஊரில், கரியாஹாட் பக்கம் அப்பளமும் நல்லெண்ணெயும் காபித்தூளும் வாங்கிய தமிழர்கள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். அவர்கள் கடைக் கல்லாவில் அக்காவின் கணவர் அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார், ஊர்க்கதையெல்லாம் அக்காவிடம். அந்தத் திருநெல்வேலிப் பேச்சைக் கேட்கவே அரை கிலோ உளுந்துக்கு நாலு தடவை போவோம். சாமான் கட்டிக் கொடுக்கும்போதே வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார்கள், யார் அவர்களைப் பார்க்கிறார்கள் என்று விசாரித்துவிடுவார். "படுத்திருக்கிறவங்களப் பாக்க ஊரே வரும். பாத்துக்கிடுதவள யாரு பாக்கா?" என்பார். மாற்றலாகி வந்த குடும்பங்கள் நாம். அத்தையா, சித்தியா, ஓடி வர இங்கே யார் இருக்கிறார்கள்? அதனால் அக்கா ஒரு முறை வைத்தார். ஒரு வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்கிறவள் ஒரு வாரம் வெளியே போக வேண்டும். மற்ற வீட்டுக்காரர்கள் பொழுதைப் பிரித்துக்கொண்டு அங்கே வந்து இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. கேட்க எளிது. செய்து பார்த்தால்தான் தெரியும் ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை வீம்பு, எத்தனை கூச்சம் என்று.

தொண்ணூறுகளில் அந்த வீம்பு வீடுகளில் ஒன்று என்னுடையது. மாமியார் காலமான பிறகு மாமனார் கும்பகோணத்திலிருந்து டாலிகஞ்சில் எங்களோடு வந்து தங்கினார். சில வருஷங்களில் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறல். என் கணவருக்கோ கவுகாத்திக்கு மாற்றல். ஆயா வைத்துப் பார்த்தோம். தட்டைத் தள்ளிவிட்டு விரட்டினார். என் கையைத் தவிர யார் கையிலும் ஒரு வாய் சோறு வாங்க மாட்டார். அந்த நேரம் பார்த்து எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி. தள்ளிப் போடாதே என்று டாக்டர் சொன்னார். நான் தள்ளிப் போட்டேன். ரத்தம் போய்ப் போய் மாடி ஏறினாலே கண் இருட்டும். அப்போதும், மாமனாரை யாரிடம் விடுவது என்றுதான் என் கவலை.

அக்கா விடவில்லை. அடிக்கடி வீட்டுக்கே வந்துவிட்டார். மாமனார் கட்டில் கூடத்திலேயே இருந்ததால், அவர் காதில் விழக் கூடாதென்று நாங்கள் இருவரும் பெங்காலியில் பேசிக்கொண்டோம். இங்கே இருக்கும் தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் இதே தந்திரம்தானே! ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்குத் தெரியக் கூடாதென்றால் பெங்காலி, வேலைக்காரிக்குத் தெரியக் கூடாதென்றால் தமிழ். அவர் தலைமாட்டிலேயே நின்றுகொண்டு கட்டியைப் பற்றிப் பேசினோம், ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசினோம். 'நான் திரும்பி வராவிட்டால்?' என்று நான் அழுததும் அங்கேதான். அவரிடம் மட்டும் தமிழில், தங்கை வீட்டில் ஒரு விசேஷம், போய்விட்டு வருகிறேன் என்று சொல்வதாக முடிவாயிற்று.

சொன்னேன். மாமனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோணிய வாயை இழுத்து இழுத்து, "ஆபரேஷன் கொபே ஹொபே?" என்றார். ஆபரேஷன் எப்போது என்று சுத்த பெங்காலியில் கேட்கிறார்! வராந்தாவில் வருஷக்கணக்காக உட்கார்ந்து மீன்காரனையும் பக்கத்து வீட்டுச் சண்டையையும் கேட்டுக்கொண்டிருந்த மனுஷன். எங்கள் பேச்சு ஒரு வார்த்தை விடாமல் புரிந்திருக்கிறது. கூட நின்ற அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

அக்கா தரையில் உட்கார்ந்து காதைப் பிடித்துக்கொண்டார். "பெரியப்பா, தப்புதான். உங்ககிட்ட கேக்காம உங்க காரியத்த நாங்களே முடிவு பண்ணினோம். இப்ப கேக்கேன். இவள அனுப்பலாமா?" என்றார். அவர் அழுதார். குழறிக் குழறிச் சொன்னதை அக்கா பொறுமையாகக் கேட்டுக் கேட்டு எடுத்தார். வேறொருவர் கையில் சாப்பிட்டுப் பழகிவிட்டால், இனி இவள் இல்லாமலும் சமாளிக்கலாம் என்று முதியோர் இல்லத்தில் விட்டுவிடுவோமோ என்று பயந்திருக்கிறார்! அந்தத் தட்டைத் தள்ளியதெல்லாம் பயத்தில். நான் அவ்வளவு காலமும் அதைத் திமிர் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அக்கா அவர் கையைப் பிடித்து, நான் போகும் நாள், திரும்பும் நாள், இடையில் யார் யார் வருவார்கள் எல்லாம் சொன்னார். குளிப்பாட்டப் பெண்கள் வேண்டாம் என்றார் மாமனார். "அண்ணாச்சி வருவாரு" என்றார் அக்கா. அப்படியே அண்ணாச்சி தினமும் காலையில் கடையைப் பூட்டிவிட்டு டாலிகஞ்சுக்கு வந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வீட்டுக்கு விட்டால் மாமனாரைத் தூக்கி உட்கார வைப்பேன் என்று, சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு என்னைத் தங்க வைத்தார்கள். பிறத்தியார் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட நமக்கு வருமா? சின்ன வெங்காயத்தை எடுத்து வைத்துக்கொண்டு உரித்தேன். பார்க்க வந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏட்டி, இங்க வந்து வெங்காயம் உரிக்கத்தான் உன் வயித்தக் கிழிச்சுத் தச்சாங்களா?" தட்டைப் பிடுங்கி அந்த வீட்டு அம்மாவிடம் கொடுத்து அவருக்கும் நாலு வார்த்தை விட்டார். வலியோடு சிரித்தேன். நான் வீடு திரும்பியபோது மாமனார் அண்ணாச்சி கையால் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்கு முறை வைத்தாலும் அக்கா முதலில் பெரியவர்களிடம்தான் போவார். "போறவ எப்ப வருவான்னு தெரிஞ்சா யாரும் பயப்படமாட்டாங்க" என்பார். அண்ணாச்சி காலமான பிறகு அக்காவுக்கே கை நடுக்கமாக ஆரம்பித்த நோய் சிறுகச் சிறுகப் படுக்கையில் தள்ளியது. மீனா இங்கேயே பிறந்து வளர்ந்தவள். பெங்காலி சரளம், தமிழ் தட்டுத்தடுமாறி. என்னைச் சித்தி என்பதற்கு 'மாஷி' என்றும், மாலதி அக்கா என்பதற்கு 'மாலதிதி' என்றும்தான் கூப்பிடுவாள். மாமியாரை ஒரு குறையில்லாமல் பார்த்தாள். பூரிக்குப் போகத் தயங்கினாள். அக்காவிடமே கேட்கச் சொன்னேன். "அத்தை, நான் போகவா?" என்றாள். "நீ போகாட்டித்தான் எனக்கு மனசு கேக்காது. என்னிக்கு வாரே?" "வியாழக்கிழமை." "சரி, போயிட்டு வா. நல்லா நனைஞ்சிட்டு வா." நான் பக்கத்தில்தான் இருந்தேன். என் காதால் கேட்டேன்.

இதை இவ்வளவு விளக்கமாக எழுதக் காரணம் இருக்கிறது. சாவு வீட்டில் சிலர் பேசியது என் காதில் விழுந்தது. கிழவியைப் போட்டுவிட்டு ஊர் சுற்றப் போனாளாம். மகனும்தான் கூடப் போயிருந்தான். அவனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே, ஏன்? பேசியவர்களில் இரண்டு பேர் அக்கா வைத்த முறையால் நிம்மதியாகக் காசிக்குப் போய் வந்தவர்கள். பெயர் எழுத மாட்டேன். படிக்கும்போது அவர்களுக்கே தெரியும்.

மீனா யார் முகத்தையும் பார்க்கவில்லை. "வியாழக்கிழமைன்னு சொன்னேனே மாஷி, அத்தை காத்துக்கிட்டு இருந்திருப்பாங்களே" என்று என் மடியில் விழுந்து அழுதாள். "காத்திருந்தாங்கதான். நீ வருவேன்னு தெரிஞ்சு காத்திருந்தாங்க. பயந்துக்கிட்டு இல்ல" என்றேன். எனக்குத் தெரிந்த உண்மை அதுதான். அவள் நம்பினாளா என்று அப்போது தெரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மாலதி எனக்கு போன் செய்தாள். அடுத்து ஊருக்குப் போக வேண்டியவள் அவள். மதுரையில் தன் அம்மாவைப் பார்த்து மூன்று வருஷமாகிறது. இங்கே மாமியார் படுக்கையில். "வேண்டாங்க, டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டேன்னு வையுங்க. மீனா கேட்ட பேச்சை என்னால கேட்க முடியாது" என்றாள். "மீனாவைப் பேசினதுக்காக நீ ஊருக்குப் போகாம இருப்பியா?" என்று கேட்டேன். அக்கா வைத்த முறை அக்காவோடு போயிற்று என்றே நினைத்தேன். அன்று என் வீட்டுக்கு வந்திருந்த மீனா எழுந்து வந்து என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள்.

"மாலதிதி, நீங்க போங்க. உங்க மாமியார்கிட்ட நானே வந்து கேக்கறேன். அவங்க சரின்னா நான் அங்க இருப்பேன். நீங்க இல்லாதப்போ ஏதாவது ஆச்சுன்னா, உங்களைப் பேச வர்றவங்க முதல்ல என்கிட்ட பேசட்டும்."

கோமதி அக்கா எனக்கென்று எதை விட்டுப் போனார் என்று யாராவது கேட்டால் இந்தப் பெண்ணைத்தான் காட்டுவேன்.