மாமியார் யார் பக்கம்?

தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் வாழ்ந்த என் அக்கா போன மாதம் புருஷனை விட்டுவிட்டு, அடுத்த சுரங்கமான சாம்பியன் ரீப்ஸில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். வரட்டும், அக்காதானே? ஆனால் பின்னாலேயே மூட்டையோடு இன்னொருவரும் வந்தார்... அக்காவின் மாமியார்!

பிரிவுக்குக் காரணம் ஒரு பியூகிள், அதாவது பட்டாளத்து ஊதுகொம்பு. சுரங்கத்துக்கு மின்சார விளக்கு வந்ததைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருக்க, அவர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் மட்டும் இந்தப் பியூகிள் பேச்சுதான்.

அக்கா புருஷன் சின்னப்பன் மாமா நல்ல உழைப்பாளி. பட்டாளம் தங்கியிருக்கும் பெங்களூர் தண்டுக்குப் போனவர், பட்டாளத்தார் கழித்துப் போட்ட பியூகிள் ஒன்றை வாங்கி வந்தார். ஷிஃப்ட் முடிந்து வந்தால் ஊதல்தான். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் ஷிஃப்டுக்குச் சங்கு ஊதிவிட்டதாக நினைத்து, பாதிச் சாப்பாட்டில் எழுந்து சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜ் வரைக்கும் ஓடிவிட்டார்.

நானா, பியூகிளா என்று அக்கா கேட்டாள். மாமா யோசித்தார். யோசித்ததுதான் தப்பு.

பெற்ற தாய் மகனோடு இருக்க வேண்டாமா என்று மாமியாரிடம் கேட்டேன்.

"அவன் ஊதறத நீ கேட்டதில்ல தம்பி."

 என் தட்டி வீடோ ஒற்றை அறை. நான் வாசலில் படுத்தேன்.

ஞாயிறுதோறும் மாமா வந்தார் – அம்மாவைப் பார்க்கத்தானாம்! இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்குக் குழம்பு வேண்டுமா என்று அக்கா மாமியாரிடம் கேட்பாள். மாமியார் மகனிடம் கேட்பார். மகன் அம்மாவிடம் பதில் சொல்வார். அதற்குள் குழம்பு ஆறிவிடும்.

அவர் போன பிறகு அக்கா அடுப்பருகே சும்மா உட்கார்ந்திருப்பாள். இந்தப் பிரிவு இப்படியே நிலைத்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

போன ஞாயிறு மாமியார் பேத்தமங்களாவுக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். அன்றும் மாமா வந்தார். நான் வாசலில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். தட்டிச் சுவர்... எல்லாம் கேட்கும்.

"அத்த ஊர்ல இல்ல," என்றாள் அக்கா.

"தெரியும். நாந்தான் வண்டி ஏத்திவுட்டேன்."

அக்கா தட்டை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

"இன்னும் ஊதினுதான் கீறீங்களா?"

"ஊதறேன். கேக்கத்தான் ஆளு இல்ல."

 பிறகு அக்கா நேராகவே கேட்டாள்: "கொழம்பு ஊத்தட்டா?"

இனி ஊரைத் தாண்டிப் போய்த்தான் ஊத வேண்டும் என்று ஒப்பந்தமாயிற்று. மாமா இறங்கி வேலை செய்யும் சுரங்க ஷாஃப்டுக்கு என் வீடுதான் பக்கமாம். மறுநாளே பாயோடு வந்துவிட்டார். திரும்பி வந்த மாமியாருக்கும் பரம சந்தோஷம்.

நான்? கோரமண்டலில் அவர்கள் காலி செய்த வீட்டில் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

குடும்பம் பிரிந்தால் யார் யாரோடு என்று பஞ்சாயத்து பண்ணுகிறோம். சேர்ந்தால் வெளியே போவது யார் என்று எவராவது கேட்கிறோமா?