இருபத்தொன்றரை அங்குலத் தொடை

வழுக்கும் துணியை இடது கை இழுத்துப் பிடித்திருந்தது. வலது கை அதன் விளிம்பில் எலாஸ்டிக்கை வைத்து மெஷின் ஊசிக்கு அடியில் மெல்லத் தள்ளியது. இழுப்பு ஒரு நூல் கூடினால் விளிம்பு சுருங்கும்; குறைந்தால் மேடையில் மானம் போகும். உடற்கட்டுப் போட்டிக்காரர்கள் அணியும் சிறு ஜட்டிகளைத் தைப்பதுதான் அந்தக் கைகளின் வேலை, பத்தொன்பது வருடமாக.

இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கிழிந்த நீச்சல் உடை ஒன்றைப் பிரித்து, துண்டுகளை மேசையில் பரப்பிப் பார்த்து, மறுபடி தைத்துக் கற்றுக்கொண்டாள். மாடிப்படிக்கு அடியில் ஒற்றை அறை, இரண்டு மெஷின், ஓர் ஆளுயரக் கண்ணாடி. மலை மாதிரி ஆண்கள் அதன் முன்னால் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பார்கள். "மூச்ச விடுங்கண்ணே. நான் அளக்கறது உங்களத்தான், உங்க ஆசைய இல்ல" என்பாள். சிரிப்பார்கள். சிரிக்கும்போது உண்மையான இடுப்பு வெளியே வந்துவிடும்.

அன்றைக்கு அளவு கொடுக்க வந்தவன் அவள் தம்பி. லிஃப்ட் பழுதுபார்ப்பவன், வயது முப்பத்திநான்கு. உடற்பயிற்சிக் கூடத்தில் அவனுக்குப் பெயர் குச்சி. ஆறு வருடம் எடை தூக்கிய பிறகு முதல் முறையாக ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தான். இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

"தொடை இருபத்தொன்றரை."

"இருபத்திமூணுன்னு எழுதுக்கா."

"ஏன், டேப்புக்குக் கண்ணு தெரியலியா?"

"வந்துரும்க்கா. ரெண்டு மாசத்துல."

"வரப்போற தொடைக்கெல்லாம் நான் துணி வெட்டறதில்ல. வந்ததும் கூட்டிட்டு வா, வெட்டறேன்."

தம்பி தலையைச் சொறிந்தான். பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து மேசையில் வைத்தான். தசை வளர்க்கும் ஸ்டீராய்டு மருந்து. வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் வரவழைத்தது.

"வாரம் ஒரு ஊசி போட்டுக்கணும். எனக்கு ஊசியப் பாத்தாலே கண்ணு இருட்டிட்டு வருது. நீதான் நாள் பூரா ஊசியும் கையுமா இருக்கியே. நீயே போட்டு விட்டுரேன்."

அவள் குப்பியை மெஷின் விளக்கருகே தூக்கிப் பார்த்தாள். லேபிள் கோணலாக ஒட்டியிருந்தது. கோணலாக எதைப் பார்த்தாலும் அவளுக்குக் கை சும்மா இருக்காது. நகத்தால் ஓரத்தை நெம்பினாள். மேல் லேபிள் உரிந்து வந்தது. அடியில் இன்னொரு லேபிள். அதில் ஒரு மாட்டின் படம்.

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அவள் கணவர் எட்டிப் பார்த்தார். "மாப்ள, தொடை பெருக்குதோ இல்லியோ, கொம்பு நிச்சயம். இப்பவே அக்காகிட்ட தலைக்கும் அளவு குடுத்திரு."

மூவரும் சிரித்தார்கள். தம்பி மட்டும் பாதியில் நின்றுவிட்டான். "அது மட்டும் இல்ல மாமா" என்று போனை நீட்டினான். இரண்டாவது பார்சல் சுங்கத்தில் பிடிபட்டது, சாயங்காலத்துக்குள் அபராதம் அனுப்பாவிட்டால் வீட்டுக்குப் போலீஸ் வரும் என்று விற்றவன் எழுதியிருந்தான்.

"கையில இருக்கற பணத்த அனுப்பிடறேன்க்கா. கேஸ் ஆச்சுன்னா போட்டியும் போச்சு, வேலையும் போச்சு."

அவள் போனைப் பிடுங்கி நூல்கண்டு டப்பாவில் போட்டு மூடினாள். தன்னிடம் கறுப்பு அங்கி தைக்கக் கொடுக்கும் வக்கீலம்மாவின் வீட்டுக்கு, டப்பாவும் குப்பியுமாக, அவனை இழுத்துக்கொண்டு போனாள்.

வக்கீலம்மா போனில் வந்த செய்திகளையும் குப்பியின் லேபிளையும் படித்தார். "ரெண்டாவது பார்சல் கேட்டீங்களா?"

"இல்லம்மா. ஒண்ணுதான்."

"அப்ப இந்த மிரட்டல் பொய். ஆனா சட்டம் பொய்யில்ல தம்பி. டாக்டர் சீட்டு இல்லாம இத வரவழைச்சதே குத்தம். நீங்க பயந்து புகார் குடுக்கமாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் தைரியமா கறக்கறான். உள்ள என்ன இருக்குன்னு அந்த மாட்டுக்கே தெரியாது. ஊசி போட்டீங்களா?"

"இல்ல. பயம்."

"அந்தப் பயத்துக்கு ஒரு கும்பிடு போடுங்க. நாளைக்கு நானும் வரேன். நாமளே போய்ச் சொல்லிடுவோம்."

மறுநாள் காவல் நிலையத்தில் தம்பியும் வக்கீலம்மாவும் உள்ளே போனார்கள். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஜட்டிக்கு ஓட்டுத் தையல் போட்டாள். தாண்டிப் போன காவலர் நின்றார்.

"கைக்குழந்தைக்காம்மா?"

"உள்ள இருக்கானே சார், அவனுக்கு."

இரண்டு மணி நேரம் கழித்துத் தம்பி வெளியே வந்தான். குப்பியை வாங்கிக்கொண்டார்கள், போன் செய்திகளைப் பதிவு செய்தார்கள். தானாக வந்ததால் எழுத்தில் எச்சரிக்கையோடு விட்டிருந்தார்கள். இன்னொரு முறை என்றால் வழக்கு. தம்பி சுவரில் சாய்ந்துகொண்டான்.

"அக்கா, போட்டிக்குப் போலாமாம்."

"அப்ப நேரா நில்லு. இடுப்பு பாக்கணும்."

போட்டியன்று மேடைக்குப் பின்னால் சிறுநீர்ச் சோதனை முடிந்து, எடை குறைந்தவர்கள் பிரிவில் அவனுக்கு எண் கொடுத்திருந்தார்கள். துண்டைக் கட்டிக்கொண்டு, தசை எடுப்பாகத் தெரிய உடம்பெல்லாம் பழுப்புச் சாயம் பூசி, இரண்டு கைகளையும் தூக்கியபடி நின்றான். அவள் ஜட்டி இருந்த காகிதப் பையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"கை இன்னும் காயலக்கா. தொட்டா கறையாயிரும்."

"வாயத் தொற."

பையின் காதை அவன் பற்களுக்கு நடுவில் கொடுத்தாள். சிரித்தால் விழுந்துவிடும் என்று தாடையை இறுக்கிக்கொண்டு, அவன் உடைமாற்றும் திரையைப் பார்த்து நடந்தான்.