எட்டாத பட்டன்

சிக்னல் பட்டனை அழுத்தச் சொல்லித் தருவது ஒரு வேலையா என்று கேட்காதீர்கள். முதல் நாள் நானும் அதைத்தான் கேட்டேன். ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கு இருப்பதே ஒரு ரோடு. அதைக் கடக்க எங்கள் மாட்டுக்குக்கூட யாரும் சொல்லித் தந்ததில்லை. பன்னிரண்டாவதை நடுவில் விட்டுவிட்டு வேலூருக்கு வந்தேன். அங்கே ஒரு நாலு ரோட்டில், நடக்கிறவர்கள் பட்டனை அழுத்தினால் வண்டிகள் நிற்கிற மாதிரி புதுசாக சிக்னல் போட்டிருந்தார்கள். ஜனங்கள் பழகும்வரை ஒரு மாசம் நில் என்று கான்ட்ராக்டர் என்னை நிறுத்தினார். ரோடு கடக்க நின்று நின்று கால் கடுத்தவர்களே, இது உங்களுக்குத்தான் புரியும்.

எத்தனை தடவை?

ஆபீஸ் பையோடு ஒருவர் தினமும் வருவார். பட்டனைத் தவில் மாதிரி தட்டுவார். நிறையத் தட்டினால் சீக்கிரம் பச்சை வருமா என்று எனக்கும் சந்தேகம். ஒயர் இழுத்த எலக்ட்ரீஷியனைக் கேட்டேன். முதல் அழுத்து மட்டும்தான் கணக்கு, மற்றதெல்லாம் சும்மா என்றார். அதை அப்படியே அந்த ஆபீஸ்காரரிடம் சொன்னேன். கை நிற்கவே இல்லை. "வரி கட்றவன்மா நானு, எத்தினி தபா வேணும்னாலும் அமுக்குவேன்."

முள்

எங்கள் மலைக்காரர்கள் புளி மூட்டையோடு அமிர்தி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நானே அழுத்திவிட்டேன். பச்சை வந்தது. சேர்ந்தாற்போலப் போகாமல், ஒருவர் பின்னால் ஒருவராக நீளமாகப் போனார்கள். முன்னால் போனவர்கள் அந்தப் பக்கம் ஏறும்போதே சிவப்பு விழுந்துவிட்டது. மீதிப் பேர் நடு ரோட்டில். ஒரு பஸ் டிரைவர் ஹாரனாலேயே திட்டினார்.

ஏன் இப்படி என்று யோசித்தேன். பார்த்தால் நானும் அப்படித்தான் நடக்கிறேன், மலையில் ஒற்றையடிப் பாதையில் நடந்த பழக்கம்! அவர்கள் திரும்பி வந்தபோது, பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் எல்லாரும் ஒரே பச்சையில் போகலாமே என்றேன். முதலில் போன அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அப்டி நடந்தா முள்ளு யாரு மேலடி ஏறும்?"

ஒரு டீ

ஏழுமலை அண்ணன் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளில் வருவார். எதிர்ப் பக்கம் அவருக்கு செல்போன் ரிப்பேர் கடை. பட்டன் கம்பம் இருப்பது நடைபாதைக்கு மேலே. அவர் வண்டி அந்தப் படி ஏறாது, ரோட்டிலிருந்து நீட்டினால் கை எட்டாது. "பாப்பா, அமுக்கு" என்பார். அமுக்குவேன்.

ஒரு நாள் டீ குடித்துவிட்டு வந்தால், மனுஷன் வெயிலில் அதே இடத்தில் நிற்கிறார். போகிறவர்களைக் கூப்பிட்டாராம். காசு கேட்கிறார் என்று நினைத்து எல்லாரும் ஒதுங்கிப் போனார்களாம். அதற்குள் ரிப்பேருக்கு வந்த ஆள் வேறு கடைக்குப் போய்விட்டான். "நீ ஒரு டீ குடிச்சா எனக்கு ஒரு கஸ்டமர் போவுது. மாசம் முடிஞ்சி நீ மலைக்குப் போய்ட்டா நான் இன்னா பண்றது?"

எந்தப் படம்?

அண்ணன் எப்படித்தான் கடப்பது என்று டிராபிக் போலீஸ்காரரிடம் கேட்டேன். சைக்கிள் என்றால் வண்டி, வண்டிகளோடு போய்த் திரும்பட்டும் என்றார். பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில், கையால் சுற்றிக்கொண்டு! கான்ட்ராக்டரின் இன்ஜினியர் வந்தபோது நேராகவே கேட்டேன்: "சார், ஏழுமலை அண்ணன் நடக்கிறவரா, வண்டியா?" அவர் திட்டவில்லை. லேப்டாப்பில் அந்த நாலு ரோட்டின் வரைபடத்தைப் பெரிசு பண்ணித் தேடினார். நானும் எட்டிப் பார்த்தேன். "ஆளு படம் இருக்கு, காரு படம் இருக்கு. இவரு படம் எதுலயும் இல்லியேமா."

மாசக் கடைசி

இன்ஜினியர் ரோட்டை ஒட்டி ஒரு குட்டைக் கம்பம் நட்டு, அதில் இன்னொரு பட்டன் வைத்தார். சைக்கிள் பால்காரர் இறங்காமலே, ஒரு காலை ஊன்றிக்கொண்டு அழுத்தினார். ஏழுமலை அண்ணனும் அழுத்தினார். பச்சை வந்தும் போகவில்லை. சிவப்பு வரும்வரை காத்திருந்து, தன் கையாலேயே இன்னொரு தடவை அழுத்திவிட்டுத்தான் போனார். என் வேலை முடிந்தது என்று, கான்ட்ராக்டர் கொடுத்த பச்சை மேல்சட்டையைக் கழற்றினேன்.

அந்தப் பக்கம் போனவர் வண்டியைத் திருப்பினார். அங்கே இருந்தது நடைபாதைமேல் நிற்கும் பழைய கம்பம்தான். எந்தப் பக்கம் அழுத்தினாலும் ஒரே சிக்னல். அதனால் இத்தனை நாளும் சாயங்காலம் அவர் அங்கிருந்து விசிலடிப்பார், நான் இங்கிருந்தே அழுத்திவிடுவேன். அந்தப் பக்கத்துக் கம்பத்தை நான் யோசிக்கவே இல்லை. இன்ஜினியரும்தான். வண்டிச் சத்தத்துக்கு மேல் அண்ணன் கத்தினார்: "காலைல கடைக்கு வந்துட்டேன், சாயங்காலம் வூட்டுக்கு எப்டி போவேன்?"

அங்கேயும் குட்டைக் கம்பம் வரும்வரை வேலையை நீட்டித்திருக்கிறார்கள், அதனால் என் வேலை என்ன என்று கேட்பவர்களிடம் ரோட்டுக்கு ஒரு பக்கத்துப் பட்டன் நான்தான் என்று சொல்லிவிடுகிறேன்.