அம்மாவின் அரக்கு வண்டி

அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போன பிறகு, திங்கள், வியாழன் இரண்டு நாளும் டயாலிசிஸுக்கு நான்தான் அழைத்துப் போவேன். ஊசி ஏற்றிவிட்டால் நான்கு மணி நேரம் அசையக்கூடாது. முதல் மாதம் முழுக்க அவள் மின்விசிறியைப் பார்த்தபடியே படுத்திருந்தாள். சீரியல் போட்டுக் காட்டினேன், பிடிக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை, வேறு எதுவும் இல்லாததால், முந்தின நாள் நடந்த கார் பந்தயத்தைப் போனில் போட்டு அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

கல்லூரி நாளிலிருந்தே எனக்கு அந்தப் பைத்தியம் உண்டு. எனக்கும் என் தோழிக்கும் ஒன்றாகத்தான் பிடித்தது. அவளுக்குச் சீக்கிரமே சலித்துவிட்டது. நான் ஊருக்கு வெளியே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் விடவில்லை.

அம்மா நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் இருபது வருஷம் புடவை எடுத்துப்போட்டவள். அதனால் வண்டிகளை நிறத்தால்தான் பார்த்தாள்.

"அந்த அரக்கு கலரு யாருது?"

ஒரு பழைய பெரிய கார் கம்பெனியின் பெயரில் ஓடும் அணி அது. அந்தக் கம்பெனியின் கார் ஒன்றை நாங்கள் இருவரும் நேரில் பார்த்தது கிடையாது. ஒரு காரின் விலைக்கு முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவையே வாங்கலாம் என்றேன்.

"வாங்கட்டும். கலரு நல்லாருக்கு. அதுதான் நம்ம வண்டி," என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தை என்னால் பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்துவிட்டு, முடிவைத் திங்கட்கிழமை வரை வாயில் அடக்கி வைத்திருக்க வேண்டும். காலையில் இட்லி வைக்கும்போதே அம்மா என்னை உற்றுப் பார்ப்பாள். "உன் மூஞ்ச பாத்தாலே தெரியுது. நம்ம வண்டி ஊத்திக்கிச்சு." இல்லவே இல்லை என்று சாதிப்பேன். பெரும்பாலும் ஊத்திக்கொண்டுதான் இருக்கும். அந்த அணி எட்டாவது, ஒன்பதாவதாக வந்தாலே எங்களுக்குத் திருவிழா.

அவளுக்கு ஓட்டுகிறவர்களைவிடச் சக்கரம் மாற்றுகிறவர்களைத்தான் பிடிக்கும். ஒரு நாள் ஊசி போட நரம்பு கிடைக்காமல் டெக்னீஷியன் தம்பி தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா போனைக் காட்டி, "இங்க பாருப்பா. நாலு சக்கரத்தையும் ரெண்டு செகண்டுல மாத்திடுறானுங்க. ஒரு ஊசிக்கு நீ இவ்ளோ நேரம் பண்றியே," என்றாள். அந்த அறையில் படுத்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். அதற்குமுன் அங்கே சிரிப்பைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஒரு நாள் எதையோ படித்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். நூறு வருஷப் பந்தயப் பாரம்பரியம் என்று அந்தக் கம்பெனி விளம்பரம் செய்கிறதே, உண்மையில் அந்த அணியை அவர்கள் உருவாக்கவில்லை, கைமாறிக் கைமாறி வந்த ஓர் அணிக்குப் பணம் கொடுத்துத் தங்கள் பெயரையும் நிறத்தையும் போட்டிருக்கிறார்கள், என்ஜின்கூட வேறொருவருடையது. எனக்கு ஆத்திரமாக இருந்தது. அம்மாவுக்கு இல்லை.

"கட்டிக்கிட்டு வந்தவ பேர மாத்திக்கிறா. அதுக்காக இந்த வீட்டுக்காரி இல்லன்னு சொல்லிடுவியா? வேல செய்யிறவங்க அவங்கதான? போட்டு வுடு, பாக்கலாம்."

மூன்றாவது சீசன் பாதியில் அம்மா இறந்துபோனாள்.

காரியம் முடிந்த பிறகும் தோழி தினமும் வந்து என்னோடு உட்கார்ந்தாள். அவள் ஒரு விளம்பரக் கம்பெனியில் எழுதுகிறவள். ஆங்கிலமும் பிரெஞ்சும் நன்றாக வரும். ஒரு மாலை, அந்த அரக்கு வண்டிக் கம்பெனி ஒரு போட்டி வைத்திருப்பதாகச் சொன்னாள். பந்தயம் உங்கள் குடும்பத்தில் எப்படி வந்தது என்று எழுத வேண்டும். தேர்வானால் ஐரோப்பாவுக்கு அழைத்துப்போய் அணியின் கூடாரத்துக்குள்ளேயே உட்காரவைப்பார்களாம்.

"நீ தமிழ்ல சொல்லுடி, போதும். நான் இங்கிலீஷ்ல எழுதி உன் பேர்ல அனுப்புறேன்."

ஐரோப்பா எனக்குப் பெரிதாகப் படவில்லை. அம்மாவைப் பற்றிப் பேச யாராவது கேட்டதே போதுமாக இருந்தது. நான்கைந்து நாள் வாய்ஸ் மெசேஜாகவே அனுப்பினேன். இட்லி, மூஞ்சி, ஊசி, நிறம், எல்லாம். நடுநடுவே அழுதிருக்கிறேன்.

ஒரு மாதம் கழித்து நானாகக் கேட்டேன். "நமக்குக் கெடைக்கலடி. ஆயிரக்கணக்குல அனுப்பியிருக்காங்க," என்றாள். விட்டுவிட்டேன்.

அடுத்த சீசன் தொடங்கும்போது, மதியச் சாப்பாட்டு நேரத்தில், கம்பெனி கேன்டீனில் போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அந்த அணியின் இணையப் பக்கத்தில் புது வீடியோ வந்திருந்தது. கடற்கரைப் பக்கம், பிரெஞ்சுக்காரர் காலத்து வெள்ளைக்காரத் தெருவில், மஞ்சள் சுவர் வைத்த வீடு ஒன்று. நம்ம ஊராயிற்றே என்று சந்தோஷத்தோடுதான் தொட்டேன். அந்த வீட்டு வராந்தாவில் அரக்குத் தொப்பி போட்டுக்கொண்டு என் தோழியின் அம்மா உட்கார்ந்திருந்தார். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். என் தெருவுக்கு நான்கு தெரு தள்ளி, மாடியில், இரண்டு அறை வாடகை வீட்டில் இருப்பவர். மஞ்சள் வீட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது.

கால் எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தபோது மகள் தனக்குப் பந்தயம் காட்டியதாக அத்தை சொன்னார். கால் உடைந்தது நிஜம்தான், நானே பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறேன். அப்புறம் சிரித்துக்கொண்டே, "நாலு சக்கரத்தையும் ரெண்டு செகண்டுல மாத்திடுறாங்க, என் கால் கட்டப் பிரிக்க இந்த நர்சுக்கு அரை மணி நேரம்," என்றார். அவர் பேசியது கீழே ஆங்கில எழுத்தில் ஓடியது. தோழி பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசியில் இருவரும் ஏதோ ஒரு நாட்டில், வண்டிக்குப் பக்கத்தில் நின்று கையசைத்தார்கள்.

டிபன் பாக்ஸை மூடிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டேன். அன்றைக்கு நான் சரிபார்த்த பெட்டிகளில் பாதியை மறுநாள் திருப்பி அனுப்பினார்கள்.

சாயங்காலம் நேராக அவள் வீட்டுக்குப் போனேன். அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். தோழி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"பாத்துட்டியா?"

"எங்க அம்மா சொன்னத எதுக்குடி உங்க அம்மா சொல்றாங்க?"

அவள் மெதுவாகச் சொன்னாள். "அம்மா, பொண்ணு ரெண்டு பேரும் உயிரோட இருக்கணும்னு போட்டி ரூல்ஸ்ல போட்டிருந்தான். உன் பேர்ல அனுப்பியிருந்தா யாருக்குமே கெடச்சிருக்காது. அந்தக் கத வீணாத்தான் போயிருக்கும்."

"கெடைக்கலன்னு சொன்னியே."

"வேற எப்படிச் சொல்றது? கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

"குடுத்திருப்பேன்," என்றேன். அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. படி இறங்கும்போது அவள் கூப்பிட்டாள், நான் திரும்பவில்லை.

அந்தக் கார் கம்பெனிக்கு, இருக்கிற ஆங்கிலத்தை வைத்து நானே ஒரு கடிதம் எழுதினேன். எந்தப் பரிசும் வேண்டாம், அந்த வார்த்தை என் அம்மாவுடையது, அதை மட்டும் திருத்துங்கள் என்று கேட்டேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. எங்கள் பந்தயக் குடும்பத்தில் நீங்களும் ஒருவராக இருப்பதில் மகிழ்ச்சி என்று தொடங்கி, புதிய தொப்பிகளைப் பார்க்க ஒரு இணைப்போடு முடிந்தது. மறுபடி எழுதினேன். அதே பதில் மறுபடி வந்தது.

அந்த வருஷ முடிவில் கம்பெனி அணியை விட்டு விலகியது. தங்கள் பாரம்பரியம் இனிச் சாலைக் கார்களில் தொடரும் என்று அறிவித்தார்கள். வண்டிகளுக்கு ஏதோ ஒரு பானத்தின் பெயரும் வெளிர்நீலமும் வந்தன. அந்த வீடியோவும் பக்கத்தோடு காணாமல் போனது. அதை நினைத்துச் சந்தோஷப்படலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. என் அம்மாவின் பேச்சு, யார் வாயில் இருந்தாலும், அங்கே மட்டும்தான் இருந்தது.

அத்தை ஒரு நாள் மார்க்கெட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் கீரைக்கட்டு. "அவ எழுதிக் குடுத்ததத்தான் சொன்னேம்மா. உங்க அம்மா பேச்சுன்னு பாதியிலயே தெரிஞ்சுபோச்சு. கேமராவ வச்சிக்கிட்டு அத்தன பேரு நிக்கிறாங்க. எப்படி நிறுத்துறது?" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"அவ பெங்களூருக்கு மாறிப் போயிட்டா. உன்கிட்ட பேசணும்னு சொல்லிக்கிட்டே இருக்கா. ஒரு போன் பண்ணக்கூடாதா?"

"பண்றேன் அத்த," என்றேன்.

அவர் பையைத் தெருமுனை வரை தூக்கிக்கொண்டு போய், ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். போன் பண்ணவில்லை.