எல்லாருக்கும் கேட்கச் சொன்ன அக்கா

கதவுக்கும் நிலைக்கும் இடையில் மனித விரல்கள் நசுங்கும்போது எழும் சத்தம் பெரிதல்ல. காய்ந்த பனை மட்டை முறிவதுபோல் இருக்கும். மன்னார் நகரில் என் வீட்டோடு ஒட்டி நான் நடத்தும் சிறிய ஒலிப்பதிவு அறையில் அதைக் கேட்டேன். அந்த விரல்கள் அக்காவுடையவை. என்னோடு கூடப் பிறந்தவரல்ல. மாதா கோயில் பாடகர் குழுவுக்குக் கீபோர்ட் வாசித்தவர். ஊரே அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டது. தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே இசை பழகி, சண்டை முடிந்தபின் மன்னார்த் தீவுக்குத் திரும்பியவர்.

பாட்டு முடியும்வரை இசைக்காரன் வாய் திறக்கக் கூடாது என்பது என் கட்சி. ஒருமுறை என் மெட்டொன்றை நண்பர் ஒருவருக்கு முனகிக் காட்டினேன். அது வேறொரு குழுவின் பாட்டாக மேடையேறியது. அதிலிருந்து, முகநூலில் ‘விரைவில் வருகிறது’ என்று போடுபவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். சொல்லிவிட்ட சுகத்திலேயே பாதிப் பாட்டு செத்துப்போகும் என்று எல்லோருக்கும் சொல்வேன். அக்காவுக்கும் சொன்னேன். அவர் தன் கதையைச் சொன்னார்.

“முந்தி ஒருக்கா ரகசியமாத்தான் செய்தனான் தம்பி. பாட்டெல்லாம் போனுக்குள்ள இருந்தது. அந்தாள் அதை அம்மியில வைச்சு குழவியால குத்தினது. பிறகு அதே குழவியால என்ர தோளில. ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாதபடியால ஒருத்தருக்கும் ஒண்டும் துலையேல்ல. எனக்கு மட்டுந்தான்.”

அந்தாள் என்றது கணவனை. கடலுக்குப் போகிறவன். மனைவியின் சம்பாத்தியம் வேண்டும், மனைவியின் குரல் வெளியே கேட்கக் கூடாது. அவ்வளவுதான் அவன் நியாயம்.

அந்த வருடம் கோயிலின் பங்குத் திருவிழாவில் பாடி முடித்ததும் அக்கா ஒலிவாங்கியை விடவில்லை. “ஆவணி மடு மாதா திருவிழாவுக்கு முதல் நானே எழுதி மெட்டுப்போட்ட ஏழு பாட்டு வெளியில விடப்போறன். எல்லாரும் கேளுங்கோ. வராட்டி, ஏன் வரேல்லையெண்டு என்னட்ட வந்து கேளுங்கோ.” கூட்டம் கைதட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாட்டு இன்னும் அரைகுறையாக இருக்கையில் இதென்ன பறையறைதல் என்று நினைத்தேன். கணவன் கதிரையிலிருந்து எழுந்து போனதைக் கண்டேன்.

சில நாட்களில், நல்ல மத்தியான வெயிலில், நாங்கள் பதிவில் இருக்கும்போது அவன் இரும்புக் குழாயோடு உள்ளே வந்தான். “ஊரைக் கூட்டிச் சொல்லிப்போட்டாய், என்னடி?” முதல் அடி மிக்சரில் விழுந்தது. குறுக்கே போன என் தாடையில் அடுத்தது. வாய்க்குள் இரத்தமும் பல்லும் ஒன்றாகப் புரண்டன. அக்காவை முடியைப் பிடித்து இழுத்தான். அவர் நிலையை இறுகப் பற்றிக்கொண்டார். அவன் அந்தக் கையைப் பார்த்தான். எந்தக் கை என்று பார்த்துத்தான் கதவை அறைந்தான். அவர் கத்தினார். திறந்தான். கையை எடுக்க விடாமல் பிடித்துக்கொண்டு மறுபடியும் அறைந்தான். பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடிவந்து அமுக்கியபோதும் அவன் கால் அந்தக் கதவை உதைத்துக்கொண்டுதான் இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு அவனுடைய தமையன் சமாதானம் பேச வந்தார். “இது குடும்ப விசயம். பொலிசில குடுத்த முறைப்பாட்டை எடுங்கோ, எங்களுக்குள்ள பேசித் தீர்ப்பம்.” அக்காவின் கட்டிலைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். சிலர் பாடகர் குழு. மற்றவர்கள் திருவிழாவில் அந்தப் பேச்சைக் கேட்டவர்கள். மீன் விற்கும் ஒருத்தி முன்னே வந்தாள். “குடும்ப விசயமெண்டா மைக்கில ஏன் சொன்னவ? எங்கள் எல்லாருக்கும் சொன்னவ. அந்தப் பாட்டு எங்களுக்கு வரவேணும். நீங்கள் வெளிக்கிடுங்கோ.” தமையன் போய்விட்டார். முறைப்பாட்டை அக்கா எடுக்கவில்லை; கணவன் விளக்கமறியல் சிறைக்குப் போனான்.

கோபத்தில் நான் அக்காவிடம் கேட்டேன், சொல்லாமல் இருந்திருந்தால் கை மிஞ்சியிருக்குமே என்று. “கை மிஞ்சியிருக்கும். பாட்டு?” என்றார். இன்றும் என் மெட்டுகளைப் பற்றி நான் மூச்சுவிடுவதில்லை. ஆனால் வருகிறவர்களுக்கு அந்தப் புத்திமதி சொல்வதை நிறுத்திவிட்டேன். வாய்மூடி இருப்பது திருட்டுக்குப் பயந்தவனுக்குச் சரி; கொலைக்குப் பயந்தவருக்கு ஊரின் காது வேண்டியிருக்கிறது.

இரண்டு விரல்கள் பிறகு மடங்கவேயில்லை. கீபோர்டை நான் வாசித்தேன், அக்கா பாடினார். மடுவுக்குப் புறப்படுவதற்கு முந்திய ஞாயிறு, கோயில் வளவில் பாட்டுகளை வெளியிட்டோம். பிணையில் வந்திருந்த கணவன் வாசலில், மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி நின்றான். எனக்குத் தாடை வலித்தது. அக்கா அவனைப் பார்த்துக்கொண்டே ஒலிவாங்கியை எடுத்தார்.

“ஏழெண்டு சொன்னனான். நாலுதான் முடிஞ்சது. மிச்ச மூண்டும் மார்கழியில நத்தார்ப் பண்டிகைக்கு வரும்.”

முன்வரிசைப் பெண்கள் அவர் பார்வை போன பக்கம் திரும்பினார்கள். அடுத்தடுத்த வரிசைகளும் திரும்பின. அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே போனான்.