விழ விடாத அப்பா

லவினா மயங்கி விழுந்ததே இல்லை. விழ விட்டால்தானே.

கோலார் தங்கவயலின் கோரமண்டல் பகுதியில் அவர்கள் சபையின் பெரிய வெள்ளி ஆராதனை மூன்று மணி நேரம் நடக்கும். பாடகர் குழுவில் லவினா முன்வரிசை. உபவாச வயிறு, ஏப்ரல் புழுக்கம், நின்றபடியே பாட்டுக்கு மேல் பாட்டு. மூன்று வருடங்களுக்கு முன், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் நான்காம் வார்த்தைக்கான பாட்டில் அவளுக்குக் காது அடைத்தது, கண் இருண்டது. அப்பா ஏசுபாதம் பாய்ந்து வந்து, அக்குளில் கைகொடுத்து அவளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்.

சுரங்கத்தில் பழகிய கை அது. ஆட்களை நெருக்கி நிறுத்தி மேலே இழுக்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஒருவன் மயங்கினால் கிடத்த இடமேது? இரண்டு பக்கமும் தோள்கொடுத்து, நிற்கவைத்தே வெளியே கொண்டுவருவார்கள். மகளையும் அப்படியே நிறுத்தினார். அவள் கைகால்கள் வெட்டி இழுத்தன. பார்த்தவர்கள் வலிப்பு என்றார்கள். அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. இனி உட்கார்ந்து பாடு என்று சபையில் சொன்னதும், அதற்குப் பாடாமலே இருக்கலாம் என்று விலகிவிட்டாள்.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் அவளைக் கட்டிலோடு கட்டி, கட்டிலை நிமிர்த்தி நிறுத்திச் சோதித்தார்கள். சற்று நேரத்தில் இதயம் சில விநாடிகள் நின்றேவிட்டது. "வலிப்பு இல்லை" என்றார் டாக்டர். "ரொம்ப நேரம் நின்னா ஒரு நரம்பு இதயத்துக்குத் தப்பா உத்தரவு போடுது. மூளைக்கு ரத்தம் போகலை. படுக்க வெச்சா தானா தெளிஞ்சிடும். நிக்க வெச்சே பிடிச்சாதான் இழுக்கும்."

"அப்ப நான் புடிச்சதுதானா சார்?" என்று கேட்டார் ஏசுபாதம்.

தண்ணீர், உப்பு, காலைப் பின்னி இறுக்கி நிற்கும் பயிற்சி என்று எல்லாம் செய்தும் மயக்கம் விடவில்லை. கடைசியில் டாக்டர் வேறு வழி சொன்னார். தொடையின் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பி போன்ற குழாயை இதயத்துக்குள் செலுத்தி, அந்த நரம்பின் நுனிகளைச் சுட்டுவிடலாம். புதிய முறை, திரும்ப வராது என்று உறுதி சொல்ல முடியாது.

வீட்டின் முதல் பட்டதாரி அவள். கிடைத்ததையெல்லாம் படித்துப் பார்த்தாள். வேறு கோளாறு இல்லாத இதயத்தில் சூடு வைப்பதா? பாடுவதற்காகவா, வலிப்புக்காரி என்ற பேரை அழிக்கவா? விடை தெரியாமலே சம்மதித்தாள்.

சூடு வைத்து முடிந்தபின் வந்த இந்தப் பெரிய வெள்ளிக்கு மறுபடி முன்வரிசைக்கு வந்தாள். "இந்த வாட்டியாவது பாட்டை முழுசா முடிப்பியா?" என்றாள் பக்கத்தில் நின்ற வினோலியா. அப்பா முதல் பெஞ்சின் ஓரத்தில், மடித்த பெட்ஷீட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா டாடி இது? பிக்னிக்கா?"

"நீ பாடு. நான் சும்மா குந்திக்கினு கீறேன்."

அதே நான்காம் வார்த்தை. பாட்டின் நடுவில் அவள் பிடரி வேர்த்தது. உள்ளங்கை சில்லிட்டது. வந்துவிட்டது என்று நினைத்தாள். அவள் முகம் மாறியதை அப்பா பார்த்துவிட்டார். எழுந்து வந்தார். லவினாவின் தோள்கள் தாமாக இறுகின. ஆனால் அவர் அவளைத் தொடவில்லை. அவள் காலடியில் பெட்ஷீட்டை விரித்து, சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டு, தள்ளி நின்றுகொண்டார்.

"உங்கப்பா எனக்கும் சேர்த்து எடம் போட்டிருக்காரா?" என்று முணுமுணுத்தாள் வினோலியா. சிரிப்பை அடக்கியதில் லவினாவின் சுதி சற்று நழுவியது.

இருட்டு வரவில்லை. இதயம் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தது. வைத்த சூடு காப்பாற்றியதா, வந்தது வெறும் பயம்தானா, தெரியவில்லை. கேட்க இப்போது நேரமும் இல்லை. இன்னும் இரண்டு சரணங்கள் இருந்தன. அவள் பாடினாள்.

ஏசுபாதம் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டு, விழுந்தால் விழட்டும் என்று நின்றார்.