சாமைச் சோற்று நாட்கள்

அவர் மிளகு பறிக்க ஏறவில்லை. அந்த வருடம் முதலில் கண்ணில் பட்டது அதுதான். ஒற்றை மூங்கில் ஏணியை, மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாய்த்து விறுவிறுவென்று ஏறுகிற மனிதர், கொடியெல்லாம் பழுத்துச் சிவந்து கிடக்க, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நான் சும்மா இருப்பேனா? "பொம்பள நான் ஏறட்டுங்களா?" என்று குத்திக் காட்டினேன். பதிலுக்குத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "ஏறிக்கோ" என்றார் என் கணவர். அவ்வளவுதான்.

சோம்பலா, என் மேல் கோபமா, யாராவது கண் வைத்துவிட்டார்களா, ஒன்றும் பிடிபடவில்லை. உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். நெடியே வரவில்லை, கண்தான் என்றாள் நாத்தனார். எனக்கோ இருமல் வந்தது. அதிலும் குழப்பம்.

அவருக்குச் சர்க்கரை வந்து ஏழெட்டு வருடம். மாத்திரைக்கு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. போட்டவள் நான். சாமைச் சோறு சர்க்கரைக்கு நல்லது என்று ஊரே சொல்கிறது. அப்புறம் சாமை ஆக்கிய நாளில் மாத்திரை எதற்கு? ரேஷன் அரிசி ஆக்கினால் மட்டும் மாத்திரை. பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு. அவர் படுத்த பிறகு எந்தச் சோறும் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. சாப்பிடாத மனிதருக்கு மாத்திரை என்னத்துக்கு என்று அடியோடு நிறுத்தினேன்.

கால் வீங்கியபோதுதான் பஸ் ஏறினோம். அடிவாரத்து டவுனில் டாக்டரம்மா ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்துவிட்டு, சர்க்கரையால் கிட்னி கெட ஆரம்பித்திருக்கிறது என்றார். பிறகு அவரிடம், "மனசு எப்படிங்க இருக்கு?" என்று கேட்டார். கிட்னிக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்? எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் அழுதார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் பார்த்திராத அழுகை.

"மனச்சோர்வும் நோய்தாம்மா. அது வந்தா சோறு, மாத்திரை எதுவும் வேண்டாம்னு போயிரும், கிட்னி கெடும். கிட்னி கெட்டா மனசு இன்னும் சோர்ந்து போயிரும்."

"இதுல எது மொதல்ல வந்துச்சுங்க?" என்றேன்.

"பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா. ரெண்டுக்கும் சேர்த்துத்தான் பார்க்கணும்."

மாத்திரையை ஏன் விட்டீர்கள் என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "மறந்துட்டேனுங்க" என்றார் என் கணவர். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. மலையேறும் வழியெல்லாம் மாத்திரை கொடுக்காத நாட்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். "நாந்தானுங்க உங்களக் கெடுத்தேன். சாமைக்கு மாத்திரை வேண்டாம்னது நாந்தானுங்களே."

"அது தப்புன்னு எனக்குத் தெரியும் புள்ள. தெனமும் போடணும்னு நர்ஸம்மா எப்பவோ சொல்லிருச்சு. இருந்து என்ன பண்றதுன்னு தோணுச்சு. நீ வேண்டாம்னது எனக்குத் தோதாப் போச்சு."

கத்துவதா, காலில் விழுவதா? அவரைப் படுக்க வைத்தது சர்க்கரையா, சோர்வா, நானா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அன்றைக்கும் சாமைதான் ஆக்கினேன். தட்டுக்குப் பக்கத்தில் மாத்திரையை வைத்துவிட்டு, "இப்ப எப்படித் தோணுதுங்க?" என்று கேட்டேன்.

மாத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியல புள்ள" என்றார். "தண்ணி கொண்டா."